அரவநாட்டின் ஒன்பதாம் ஆயுதம்

இல்லாத ஊருக்குப் போகாத வழி சொல்வது என்பார்களே, சுஜாதாவுக்கு அதுதான் உத்தியோகம். செல்போன் விளையாட்டுகள் தயாரிக்கும் சேலத்துக் கம்பெனி ஒன்றுக்காக, எங்குமே இல்லாத அரவநாட்டின் ஆயுத வரலாற்றைத் மலைமேல் தலைச்சோலை கிராமத்து வீட்டில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தாள். எந்த அரசன் காலத்தில் எந்த ஆயுதம், கண்டுபிடித்தவன் யார், எத்தனை பேர் மாண்டார்கள், எல்லாம் அவள் வைத்ததுதான் சட்டம். கவண்கல்லில் தொடங்கி எட்டாவதாக நெருப்புத்தேர் வரை வந்தாயிற்று. ஒன்பதாவதுதான் மசியவில்லை. "படிச்சா வயித்தைப் பிசையணும்ங்க" என்று மேலாளர் பிரகாஷ் நாள் தவறாமல் போன் செய்தான். அனுப்பிய நான்கையும் குப்பை என்று தள்ளினான்.

அவள் தம்பி சின்னராஜுக்கு வலது கை மணிக்கட்டோடு போய் அப்போது மூன்று மாதம். காட்டுப்பன்றிக்காக எவனோ காப்பித் தோட்ட வேலியோரம் போட்ட அவுட்டுக்காய், அதாவது தீனிக்குள் பொதிந்த நாட்டுவெடி. கீழே கிடந்ததை என்னவென்று தெரியாமல் எடுத்தேன் என்றுதான் ஊருக்கும் போலீசுக்கும் சொன்னான். உண்மையை ஆஸ்பத்திரியில் அக்காவிடம் மட்டும் சொன்னான்.

"நம்ம மணிதான் வாயில கவ்விட்டு வந்துச்சுக்கா. எனக்குக் குடுக்கறதுக்கு வாலை ஆட்டிட்டு வந்துச்சு. கடிச்சா செத்துருமேன்னு புடுங்கி வீசப் போனேன். அம்மாகிட்டச் சொல்லிராத. நாயை அடிச்சே கொன்னு போட்டுரும்."

சொல்ல மாட்டேன் என்று சத்தியம் செய்தாள். அம்மா அத்தாயியின் கோபம் அவளுக்குத் தெரியாததா?

கெடு முடியும் நாளன்று ஒன்பதாவது வந்தது. பெயர் அன்புக்காய். பகைவரின் எல்லையில் போட்டுவிட்டால் போதும், அவர்கள் வளர்க்கும் நாய்களே பாசமாகக் கவ்விப் போய் எஜமானன் கையில் கொடுத்துவிடும். ஆஸ்பத்திரியில் தம்பிக்குச் செய்த சத்தியம் நினைவுக்கு வந்தது. ஆனாலும் அனுப்பினாள். பிரகாஷ் ஐந்தே நிமிடத்தில் கூப்பிட்டு, "நொம்பப் பிரமாதங்க" என்றான். வெட்கத்தை விட்டுச் சொன்னால், அவளுக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. நாடே பொய், இதில் யாருக்கு என்ன தெரியப்போகிறது என்று நினைத்தாள். மலைமேல் இருக்கிற பையன்கள் பாதிப் பேர் அந்தக் கம்பெனி விளையாட்டைத்தான் ஆடுகிறார்கள் என்பதை வசதியாக மறந்தாள்.

விளையாட்டு வெளியான மூன்றாம் நாள் காலை, சின்னராஜ் இடது கையில் போனோடு வந்து நின்றான்.

"உங்கிட்ட மட்டுந்தானேக்கா சொன்னேன்."

"அது கதை, கண்ணு. எங்கியும் இல்லாத நாடு."

"நாடு இல்ல. நாய் இருக்குதே. ஒண்டிக்கடைப் பசங்க நேத்தே கேட்டுட்டானுங்க, உங்கக்கா எழுதுனது உங்க ஊட்டு மணியவான்னு. அம்மா காதுக்கு வர எத்தன நாளு ஆகும்?"

சின்னராஜ் போனைச் சட்டைப்பையில் போட்டுவிட்டு, ஆணியில் தொங்கிய கயிற்றை எடுத்தான்.

"செம்மநத்தத்துல தோட்டக்காரரு ஒருத்தரு மணிய வெச்சுக்கறேன்னாரு. பஸ்ஸுக்கு நேரமாச்சு."

வாசலுக்குப் போய்க் கூப்பிட்டான். மணி துள்ளிக்கொண்டு வந்தது. கழுத்தில் கயிற்றைச் சுற்றிவிட்டான், ஆனால் ஒரு கையால் முடிச்சு விழவில்லை. இரண்டு முறை நழுவியது. சுஜாதா ஓடிப்போய்க் குனிந்து கயிற்று நுனியைப் பிடித்தாள். அவன் அவள் முகத்தைக்கூடப் பார்க்காமல் அதை வெடுக்கென்று பிடுங்கினான். மண்டி போட்டு, நுனியைப் பல்லால் கடித்து இழுத்துத் தானே முடிச்சுப் போட்டுக்கொண்டான். பிறகு எழுந்து நாயோடு ரோட்டுக்கு இறங்கினான்.