பிஸ்கட் டப்பாவுக்கு அடியில்

ஒரு பிஸ்கட் டப்பாவைக் கவிழ்த்து, கண்ணுக்கே தெரியாத நரம்புச் செல்களைப் பேசவைத்தவன் நான். என் பேச்சை நம்பாதவர்கள் வரிசையில் முதல் ஆள் என் தங்கை. நான் மணி சொன்னால்கூடச் சுவர்க்கடிகாரத்தை ஒருதரம் பார்த்துக்கொள்வாள்.

அவளுக்கு ஆய்வுக்கூடத்தில் வேலை. தலைமுடியை ஆயிரமாகப் பிளந்தாலும் கிடைக்காத மெல்லிய கார்பன் குழாய்களை ஒரு கம்பிமுனையில் பூசி, நரம்புச் செல்கள் கசியவிடும் டோபமின் என்ற ரசாயனத்தைப் பிடிக்க மூன்று வருடமாகப் பாடுபட்டாள். டோபமின் பட்டால் கம்பியில் மின்னோட்டம் துள்ளும், திரையில் கோடு எழும். கடைசி நாளும் வந்துவிட்டது; மறுநாள் கருவி வேறு குழுவுக்குப் போகிறது. கிண்ணத்திலிருந்த கடைசிச் செல்களுக்கோ மாலைவரைதான் ஆயுள். நான் சாப்பாடு கொண்டுபோன மதியம், கோடு குளிர்ஜுரக்காரனைப் போல நடுங்கிக்கொண்டிருந்தது. குனிந்து பார்த்தேன். நடுக்கம் இரட்டிப்பானது.

"பாத்தியா, உன் செல்லுக்கெல்லாம் என்னை அடையாளம் தெரியுது!"

"தள்ளி நில்லுண்ணா. விளையாடாத." குரல் உடைந்திருந்தது.

ஆள் நெருங்கினால் இரையும் ரேடியோக்களை ஒரு கோடியாவது பழுதுபார்த்திருப்பேன். சுவரில் ஓடும் மின்சாரத்தின் இரைச்சல்தான் இது. அவளுக்கென்று கொண்டுபோன பிஸ்கட்டுகளை மேஜையில் கொட்டினேன். தகர டப்பாவின் விளிம்பை ஒயர் நுழைய நெளித்து, கிண்ணத்தின்மேல் கவிழ்த்து, இரைச்சலைத் தரைக்கு இறக்கிவிடும் எர்த் கிளிப்பை அதில் மாட்டினேன். நடுக்கம் நிற்கவில்லை.

"போதும்ணா. வீட்டுக்குப் போ."

கதவுவரை போனவனுக்கு அப்போதுதான் உறைத்தது: பெயிண்ட்! கிளிப் டப்பாவின் பெயிண்டைக் கவ்விக்கொண்டிருந்தது; பெயிண்டில் மின்சாரம் பாயாதே. திரும்பிவந்து வீட்டுச் சாவியால் நகமளவு சுரண்டி மறுபடி மாட்டினேன். கோடு அப்படியே படுத்துவிட்டது, அழுது ஓய்ந்த குழந்தை மாதிரி.

ஒயர் நுழைந்த இடுக்கில் விட்ட பிளாஸ்டிக் குழாய் வழியே அவள் உப்புக்கரைசல் ஒரு சொட்டு விட்டாள். செல்களைச் சீண்டத்தான். கோடு எழுந்தது. வானம்வரை என்பேன் நான். இரண்டு விரற்கடை என்பாள் அவள். பிறகு ஆறிப்போன சாப்பாட்டை ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டாள்.

பல வருடம் கழித்து, அவளுடைய பணி ஓய்வு விழாவில் இதையெல்லாம் சொன்னேன். செல்கள் என்னை 'மாமா' என்று கூப்பிட்டதையும் சேர்த்துக்கொண்டேன். கூடமே சிரித்தது.

"மேடம், உங்க அண்ணன் சொல்றதுல பாதியாவது நிஜமா?" என்று கூட்டத்தில் ஒருவர் கேட்டார்.

தங்கை பையிலிருந்து அந்த டப்பாவை எடுத்து மேஜையில் வைத்தாள். சுரண்டிய இடத்தைக் கட்டைவிரலால் தடவினாள்.

"மாமான்னு கூப்பிட்டது மட்டும் புளுகு," என்றாள். "மத்ததெல்லாம் நடந்துச்சு."