சித்தியின் கண்ணுக்கு மட்டும்

மக்கள் தொடர்பு படிக்கும் நான், கல்லூரிப் பயிற்சி மதிப்பெண்ணுக்காக ஒரு குக்கர் நிறுவனத்தின் இணையப் பக்கத்தைக் கவனித்துவந்தேன். அங்கே புகார்களை அழிப்பதில்லை, மறைப்போம். எழுதியவர் கண்ணுக்கு மட்டும் அது அப்படியே இருக்கும், சண்டைக்கு வரமாட்டார். நோகாத வியாபாரம்!

அன்று வந்தது என் சித்தியின் புகார். குக்கர் வெடித்து வெந்த கையின் படத்தோடு, யாரும் வாங்காதீர்கள் என்று எழுதியிருந்தாள்.

"சார், இது எங்க சித்தி."

"யாரா இருந்தா என்னம்மா? மார்க் வேணுமா, வேணாமா?" என்றார் மேலாளர்.

மறைத்தேன்.

இரண்டு நாள் கழித்துச் சித்தி போன் செய்தாள்.

"ஒருத்தர்கூட என்னன்னு கேக்கலையேடி! எல்லாருக்கும் கல்நெஞ்சா?"

"எல்லாரும் பாத்திருப்பாங்க சித்தி."

"பாத்தா சரி. இன்னொருத்தி கை வேகாம இருந்தா போதும்."

அவள் போனை வைத்தபோது, அதே குக்கருக்குப் புதிதாகப் பதினேழு ஆர்டர்கள் வந்திருந்தன.