நாலு ஐம்பது பஸ்

பதினோரு வருடம் தோளில் டிக்கெட் பையைத் தொங்கவிட்டு, நின்றபடியே ஊரைச் சுற்றியவளுக்கு ஒருவழியாக ஸ்டியரிங் கைக்கு வந்தது. ஓட்டுநர் தேர்வில் டிப்போவிலேயே அவள்தான் முதல். குறுகலான சந்தில் பின்பக்கமாக வண்டியைத் திருப்பி நிறுத்தச் சொன்னபோது ஒரு கம்பத்தைக்கூட உரசவில்லை. ஆனால் காலியாக இருந்த இடம் ஒன்றே ஒன்றுதான். விடிவதற்கு முன், நாலு ஐம்பதுக்குக் கிளம்புகிற முதல் பஸ்.

விஷயத்தைச் சொன்னதும் அவள் கணவன் தையல் மிஷினை நிறுத்திவிட்டுச் சிரித்தான்.

"சாயங்காலம் நாலு ஐம்பதா இருக்கும். நீ அரைத் தூக்கத்துல கேட்டிருப்பே."

"அம்மா, வேணாம்மா. ஊரே நடந்து போக வேண்டியதாயிடும்" என்றாள் பன்னிரண்டாம் வகுப்பு படிக்கிற மகள்.

அவர்களைச் சொல்லியும் குற்றமில்லை. கண்டக்டராக இருந்த காலம் முழுவதும் பிற்பகல் ஷிப்டைக் கேட்டு வாங்கியவள் அவள். காலை ஒன்பதுக்கு முன் அவள் கண் திறந்த நாட்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். கல்யாணத்தன்றுகூட இரண்டு அக்காமாரும் ஆளுக்கொரு கையைப் பிடித்துத் தூக்கி உட்கார வைத்துத்தான் தலை வாரிவிட்டார்கள். சொந்தக்காரர்கள் மத்தியில் அவளுக்குப் பெயரே தூங்குமூஞ்சி.

டிப்போவில் யார் எத்தனை மணிக்கு வந்தார்கள் என்று எழுதி வைக்கும் நேரக்காப்பாளர் முதல் நாளே சொல்லிவிட்டார். "மூணு மாசம் பார்ப்பாங்கம்மா. மூணு தடவை லேட்டானா மறுபடியும் டிக்கெட் பைதான். நான் ஒண்ணும் பண்ண முடியாது."

ஐந்து அலாரம் வைத்தாள். நாலாவது நாளே ஐந்தையும் தூக்கத்தில் அணைத்துவிட்டு, பதினான்கு நிமிடம் தாமதமாகப் போய் நின்றாள். ஒன்பதாவது நாள் இருபத்திரண்டு நிமிடம்.

அன்றைக்குப் பாலத்து நிறுத்தத்தில் வழக்கமாக ஏறும் பெண்மணி ஒருத்தி, ஆஸ்பத்திரியில் சமையல்காரி, படியேறி வந்து ஓட்டுநர் இருக்கைக்குப் பக்கத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். சண்டை போடப் போகிறாள் என்று இவள் நினைத்தாள். அந்தம்மா குரலை உயர்த்தவே இல்லை.

"டிரைவரம்மா, அங்க அறுபது பேருக்கு நான் போய்த்தான் பால் காய்ச்சணும். மாத்திரை போடறதுக்கு முன்னாடி அவங்களுக்கு வயித்துல ஏதாவது இருக்கணும். நீங்க லேட்டானா எல்லாம் லேட்டு."

திட்டியிருந்தால் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பாள். இப்போது கியரைப் போட்டு வண்டியை எடுத்தாள். கடைசி நிறுத்தம் வரை அவள் காது மடல் சுட்டுக்கொண்டே இருந்தது.

டியூட்டி முடிந்ததும் காலி பஸ்ஸிலேயே உட்கார்ந்து யோசித்தாள். வண்டி காலையில் ஸ்டார்ட் ஆகவில்லை என்றால் மெக்கானிக் என்ன கேட்பான்? நேற்று ராத்திரி வண்டியை எப்படி விட்டாய், லைட்டை அணைத்தாயா என்றுதான் கேட்பான். அவள் இத்தனை நாளும் காலையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். கோளாறு முந்தின நாளில் இருக்கிறது.

பழைய டிரிப் ஷீட் ஒன்றின் பின்பக்கத்தில், தன் முந்தின நாளை மறைக்காமல் எழுதினாள். மதியம் வந்து மூன்று மணி நேரத் தூக்கம். ஆறு மணிக்கு ஒரு டீ, ஏழரைக்கு இன்னொன்று. படுக்கையில் பதினொன்றரை வரை போன். அலாரம் தலையணைக்கு அடியில், கைக்கெட்டும் தூரத்தில். லீவு நாளில் பதினொரு மணி வரை போர்வைக்குள். எழுதி முடித்துப் படித்தவளுக்குத் தன்மேலேயே கோபம் வந்தது. கூடவே சிரிப்பும் வந்தது.

அன்று மாலையே வீட்டில் சட்டம் போட்டாள். மதியத்துக்கு மேல் டீ கிடையாது. பகல் தூக்கம் இருபது நிமிடம், அதுவும் நாற்காலியில். போன் சமையலறையில் சார்ஜ் ஏறும். அலாரத்தை அணைக்க வேண்டுமானால் எழுந்து அங்கே வரைக்கும் நடந்தாக வேண்டும். எட்டு மணிக்குப் படுக்கை.

"எட்டு மணிக்கு மேல மிஷின் ஓடக் கூடாதுங்க."

"அப்போ என் பொழப்பு?"

"நாலு மணிக்கு உங்களை எழுப்பி விடறேன். விடியறதுக்குள்ள ரெண்டு சட்டை தைச்சுடலாம்."

கணவன் முகம் வெளிறிவிட்டது. மறுநாளே மாடிப்படிக்குக் கீழே இருந்த மூலையை ஒழித்து, மிஷினை அங்கே இழுத்துப் போட்டுக்கொண்டான்.

முதல் வாரம் நரகம். எட்டு மணிக்குப் படுத்தால் தூக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. புரண்டு புரண்டு படுத்துவிட்டு, எழுந்து போய்த் துணி மடித்தாள். கண் சொக்கியபிறகு வந்து படுத்தாள். எத்தனை மணிக்குத் தூங்கினாலும் சரி, மூன்றே முக்காலுக்கு எழுந்துவிடுவது என்று வைத்துக்கொண்டாள். எழுந்ததும் வீட்டு விளக்கையெல்லாம் போட்டு, முகத்தில் தண்ணீரை அடித்துக்கொள்வாள். "கண்ணு கூசுதும்மா" என்று மகள் போர்வைக்குள்ளிருந்து முனகுவாள்.

லீவு நாள்தான் பெரிய சோதனை. டியூட்டி இல்லை, கேட்பார் இல்லை. இருந்தும் எழுந்தாள். தெருவில் ஒரு நாய்கூட நடமாடாத நேரத்தில், சமையலறை ஸ்டூலில் கைகளைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். "பைத்தியக்காரி" என்று தன்னையே திட்டிக்கொண்டாள். ஆனால் திரும்பப் போய்ப் படுக்கவில்லை.

மூன்றாவது வாரம் ஏதோ ஒன்று மாறியது. எட்டு மணிக்குக் கொட்டாவி தானாக வந்தது. அலாரம் அடிக்கும்போது தலை பாரமாக இல்லை. சோறுகூட ருசித்தது. பாலத்து நிறுத்தத்துக்கு நாலு ஐம்பத்தெட்டுக்குப் போய் நிற்பாள். சமையல்காரி ஏறியதும் கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, வாயைத் திறக்காமல் தலையை மட்டும் ஆட்டுவாள். அந்த ஒரு தலையாட்டலுக்காகவே இவள் வண்டியை ஓட்டினாள்.

மூன்று மாதம் முடிய நான்கு நாள் இருந்தபோது அடைமழை பிடித்தது. மாலையே கரண்ட் போய்விட்டது. சார்ஜ் இல்லாமல் கிடந்த போன் சமையலறையில் செத்துப்போனது. அவள் அதைக் கவனிக்காமல் வழக்கம்போல் போய்ப் படுத்துவிட்டாள்.

கண் விழித்தபோது எங்கும் கும்மிருட்டு. அலாரச் சத்தம் கேட்கவில்லை. மழை மட்டும் கொட்டிக்கொண்டிருந்தது.  'போச்சு. எல்லாம் போச்சு.' தட்டுத் தடுமாறிக் கூடத்துக்கு ஓடித் தீக்குச்சியைக் கிழித்துச் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள்.

மூன்று நாற்பத்துமூன்று.

தீக்குச்சி விரலைச் சுடும் வரை பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு வாய்விட்டுச் சிரித்தாள். சிரித்த சிரிப்பில் கணவன் அலறிப் புடைத்துக்கொண்டு எழுந்து வந்தான்.

"என்னாச்சு?"

"நானே எழுந்துட்டேங்க! அலாரம் இல்ல, ஒண்ணும் இல்ல. நானே!"

சந்தோஷத்தோடு இன்னொன்றும் அவளுக்கு உறைத்தது. கரண்ட் இல்லாதது தன் வீட்டில் மட்டுமா? ஐந்து மணி பஸ் ஓட்டுகிறவரும் ஐந்தேகால் பஸ் ஓட்டுகிறவரும் பக்கத்துத் தெருவில்தான் இருக்கிறார்கள்.

"ஸ்கூட்டரை எடுங்க. அவங்க ரெண்டு பேர் வீட்டுக் கதவையும் தட்டுங்க. எழுந்திருக்கலேன்னா உடைங்க."

"இந்த மழையிலயா?"

"நான் இந்த மழையிலதானே நடந்து போகப் போறேன்?"

அவன் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினான்.

முழங்கால் வரை நனைந்து அவள் டிப்போவில் நுழைந்தபோது நாலு இருபத்தைந்து. நேரக்காப்பாளர் ஒரு மெழுகுவத்தியை வைத்துக்கொண்டு தனியாக உட்கார்ந்திருந்தார். அவளைப் பார்த்ததும் நாற்காலியை விட்டு எழுந்தே விட்டார்.

"ஒரு டிரைவரும் வரலம்மா. யாருக்குப் போன் போட்டாலும் போகல. உன்னைத்தான் நான் எதிர்பார்க்கவே இல்ல!"

"அஞ்சு மணிக்காரரும் அஞ்சேகால்காரரும் வந்துகிட்டு இருக்காங்க சார். ஆள் அனுப்பியிருக்கேன்."

அவர் அவளை மேலும் கீழும் பார்த்தார். பதிவேட்டை அவள் பக்கம் தள்ளி, பேனாவின் மூடியைத் தானே கழற்றிக் கொடுத்தார்.

நாலு ஐம்பதுக்கு முதல் பஸ் கிளம்பியது. வாசலில் எதிரே ஸ்கூட்டர் வந்தது. பின்னால் ஐந்து மணி டிரைவர், சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே. சற்றுத் தள்ளி, சைக்கிளில் ஐந்தேகால்காரர். சொட்டச் சொட்ட நனைந்திருந்த கணவன் அவளைப் பார்த்துக் கையை உயர்த்தினான். அவள் ஹார்னை ஒரு முறை நீளமாக அடித்தாள். பாலத்தில் குடையோடு நின்ற சமையல்காரி ஏறி, அந்த ஒன்பதாவது நாளுக்குப் பிறகு அன்றைக்குத்தான் வாயைத் திறந்தாள்.

"நீங்க வருவீங்கன்னு தெரியும். அதான் நனைஞ்சுகிட்டே நின்னேன்."

நான்கு நாள் கழித்து உத்தரவு வந்தது. வேலை நிரந்தரம். நேரக்காப்பாளர் காகிதத்தைக் கொடுத்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"பிற்பகல் பஸ் ஒண்ணு காலியாகுதும்மா. உனக்குன்னு பேசி வெச்சிருக்கேன். இனிமே நிம்மதியாத் தூங்கு."

"நிம்மதியாத்தான் தூங்கறேன் சார், எட்டு மணிக்கே" என்றாள் அவள். "அதை வேற யாருக்காவது கொடுங்க. நாலு ஐம்பது என் பஸ்."

மறுநாள் இரண்டாவது டிரிப்பில் பாலத்தைத் தாண்டும்போது மழை விட்டிருந்தது. ஆற்றுக்கு மேலே வானத்தின் ஓரம் மெல்ல வெளுத்துக்கொண்டு வந்தது. பஸ் நிறைய வேலைக்குப் போகிறவர்கள். பாதிப் பேர் கண்ணாடியில் தலையைச் சாய்த்துத் தூங்கிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் தூக்கம் கலையாதபடி, வளைவில் வண்டியை மெதுவாகத் திருப்பினாள் அவள்.