அணியைவிட அதிகம் ஓடியவன்

ஒக்டோபர் 17, 1995, செவ்வாய்

யோகேந்திரன் அண்ணை எண்களை இட்டுக்கட்டுகிறார் என்று நினைக்கிறேன். நிச்சயமாகத் தெரியாது.

மாலை வகுப்பில் புள்ளிவிபரவியல் படிப்பவர்களில் நாங்கள் இருவர்தான் தமிழர். அதனால் வகுப்பில் செய்துகொடுக்க வேண்டிய ஒப்படையையும் சேர்ந்தே எடுத்தோம். இங்கே ஃபுட்போல் என்றால் உதைபந்து அல்ல, முட்டை வடிவப் பந்தை அக்குளில் இடுக்கிக்கொண்டு ஓடுவது. இரண்டு பல்கலைக்கழக ஓட்டக்காரர்களில் எவன் சிறந்தவன், இலக்கம் 22 ஆ, இலக்கம் 7 ஆ என்பதுதான் எங்கள் கேள்வி. மொத்த யார்டில் 22 முன்னுக்கு நிற்கிறான். ஆனால் அவன் ஓடியது நோஞ்சான் அணிகளுக்கு எதிராக. ஆகவே ஒவ்வோர் ஆட்டத்திலும் அவர்கள் எடுத்த யார்டை, எதிரணி வழக்கமாக விட்டுக்கொடுக்கும் யார்டால் வகுக்கிறோம். அண்ணை பத்திரிகைகளிலிருந்து எண்களைப் பொறுக்கி வருவார், நான் கணக்குப் பார்ப்பேன். இப்படி வகுத்தால் 7 வெல்கிறான்.

இன்று சரிபார்த்தபோது மூன்றாம் ஆட்டம் இடித்தது. அதில் 7 தனியே 161 யார்டு ஓடியிருக்கிறான். அவனையும் சேர்த்து அவனுடைய அணி முழுவதும் ஓடியது 148. கல்குலேற்றரில் பிழையோ என்று, ஆட்டத்தின் நாலு பகுதிகளிலும் அணி ஓடியதைக் கையாலும் கூட்டினேன். 148 தான்.

அந்த ஆட்டத்தை எடுத்துவிட்டால் 22 தான் வெல்கிறான். அண்ணை சமைக்கும் டவுன்டவுன் உணவகத்தில்தான் இந்த இலக்கம் 7 வார இறுதி இரவுகளில் கோப்பை கழுவுகிறான் என்பதும் எனக்குத் தெரியும்.

மெட்றோ நிலையத்தில் அண்ணையிடம் கேட்டேன். "பேப்பரிலை கிடந்ததைத்தான் எழுதினனான் பிள்ளை. ஏன், பொலிஸிலை சேரப்போறீரோ?" என்று சிரித்தார். பேப்பர்த் துண்டைக் கேட்டதற்கு, எங்கேயோ வைத்துவிட்டேன், பேந்து தருகிறேன் என்றார். என் முகத்தைப் பார்க்கவில்லை. ரயில் வரும் பக்கம் பார்த்ததாகவும் இருக்கலாம்.

இந்தப் பாடத்தில் பி தரம் எடுத்தால் ஜனவரியில் பகல்நேரப் பட்டப்படிப்புக்கு எடுப்பார்கள். டோர்வல் விமான நிலையத்தில் சாப்பாட்டுத் தட்டு அடுக்கும் வேலையை விடலாம். பொய் எண் என்று பிடிபட்டால் இரண்டு பேரையும் வகுப்பிலிருந்து நீக்குவார்கள்.

ஒக்டோபர் 19, வியாழன்

பெயர் சொல்லாமல் ரதீசனிடம் கேட்டேன். என் தம்பி, ஊரில் பள்ளிக்கூட கிரிக்கெட் அணிக்குத் தலைவனாக இருந்தவன். "ஒருத்தன் நூறு அடிச்சா ரீமின்ரை ஸ்கோர் தொண்ணூறா வருமே அக்கா? கள்ளக் கணக்கு" என்றான்.

எனக்கு அது போதுமாயிருந்தது. நாலாவது தடவை எழுதிய கடிதத்தை ஆசிரியை அக்னெஸின் கதவிடுக்கு வழியே தள்ளினேன். மூன்றாம் ஆட்டத்தின் எண்கள் நடக்க முடியாதவை, அவற்றைச் சேகரித்தது நான் அல்ல, ஒப்படையிலிருந்து என் பெயரைப் பிரித்துவிடுங்கள் என்று எழுதியிருந்தேன்.

வகுப்பில் அண்ணை எனக்கு இடம் பிடித்து வைத்திருந்தார். பாதி ரோல்ஸ் நீட்டினார். பசியில்லை என்றேன். "என்ன, விரதமோ?" என்றார்.

ஒக்டோபர் 21, சனி

கடிதத்துக்கு முன் செய்திருக்க வேண்டியதை இன்று செய்தேன். ஆட்டம் பார்க்கப் போனேன். வழி முழுக்க மின்கம்பங்களில் 'வுய்', 'நோ' என்று மாகாணப் பிரிவினை வாக்கெடுப்புப் பதாகைகள். மைதானத்தில் குளிர். புள்ளி குறிக்கும் மாணவன் ஒருவனுக்குப் பின்னால் இருந்தேன்.

7 பதினொரு யார்டு ஓடினான். அடுத்த முறை பந்து வேறொருவனுக்குப் போனது. அவன் இடைவெளி தேடிப் பக்கவாட்டில் ஓடி, பின்வாங்கி, தொடங்கிய இடத்துக்கு எட்டு யார்டு பின்னால் விழுத்தப்பட்டான். மாணவன் 'மைனஸ் 8' என்று எழுதினான். அது அணியின் மொத்தத்திலும் கழியுமா என்று கேட்டேன். பனி குளிருமா என்று கேட்டதுபோல என்னைப் பார்த்தான்.

கிரிக்கெட்டில் ஒருவனுடைய ஓட்டத்தை மற்றவன் குறைக்க முடியாது. இங்கே முடியும். 7 எடுத்தது 161, மற்றவர்கள் சேர்ந்து இழந்தது 13. நானும் ரதீசனும் தெரியாத விளையாட்டுக்குத் தெரிந்த கணக்கைப் போட்டிருக்கிறோம்.

ஒக்டோபர் 24, செவ்வாய்

வகுப்புக்கு முன்பே போனேன். கடிதம் பிரிக்கப்பட்டு அக்னெஸின் மேசையில் கிடந்தது. பிழை என்னுடையது என்று விளக்கினேன். அக்னெஸ் கேட்டுவிட்டு, கடிதத்தைத் திரும்பப் பெறும்படி யோகேந்திரன் உங்களை வற்புறுத்தினாரா என்றார். இல்லை என்றேன். நான் சொன்ன விதம் எனக்கே பொய்போல இருந்தது. பத்திரிகைத் துண்டு இன்றே வேண்டும், இல்லாவிட்டால் இருவருக்கும் பூச்சியம் என்றார்.

அண்ணை நடைவழியில் நின்றார். எல்லாவற்றையும் சொன்னேன், கடிதத்தையும். அவர் பையைத் திறந்து ஒரு கடித உறையை எடுத்தார். உள்ளே அந்தத் துண்டு, எண்ணெய்க் கறையோடு. 161 க்குக் கீழே இரண்டு பெயர்கள்: மைனஸ் 9, மைனஸ் 4.

"நீர் கேட்டதாலை ஞாயிற்றுக்கிழமை முழுக்கத் தேடி எடுத்தனான். ரெண்டாந்தரமும் என்னட்டைக் கேட்டிருக்கலாம்."

நானும் வருகிறேன் என்றேன். வேண்டாம் என்று தனியே உள்ளே போனார். பத்து நிமிடத்தில் வந்து, ஒப்படை இரண்டு பேரின் பெயரிலும் நிற்கும் என்றார். சுவரைப் பார்த்துத்தான் சொன்னார்.

வகுப்பில் முன்வரிசையில் போய் இருந்தார். பக்கத்துக் கதிரையில் அவருடைய பை இருந்தது; என்னைக் கண்டும் எடுக்கவில்லை.