அமலிக்கு விட்ட இடம்

புதுக் கம்ப்யூட்டரின் கேபினெட்டில் நீல விளக்கு எரிய வேண்டும் என்பது ஜெபராஜின் ஆசை. டெல்லி நேரு பிளேஸில் மூன்றாவது கம்ப்யூட்டர் கடையிலும் அவர் விளக்கு வைத்த பெட்டிக்கு முன்னால்தான் போய் நின்றார்.

"கஸ்டமர் வந்து பாத்தா ஒரு இது இருக்கும்லா, அமலி?"

"வெளக்கு ரெண்டர் பண்ணாது அண்ணாச்சி. அந்தக் காசுக்கு ராம் வாங்குங்க."

"ஒனக்கு எல்லாமே உள்ளதான் வேணும். வெளிய ஒண்ணும் வேண்டாம்."

கரோல் பாக்கில் ஒரு மாடி அறையில் ஜெபராஜ் நடத்திய வீடியோ ஸ்டுடியோவில் அமலி ஆறு வருஷமாக எடிட்டர். கல்யாணம், ஞானஸ்நானம், ரிட்டயர்மென்ட் விழா எல்லாம் அவள் கைக்குத்தான் வரும். வெட்டி ஒட்டியதை ஒரே படமாக ஆக்கித் தருவதற்கு, அதாவது ரெண்டர் செய்வதற்கு, பழைய கம்ப்யூட்டர் ஒரு பகல் முழுக்க எடுத்துக்கொள்ளும். சூடேறினால் பாதியில் நின்றுவிடும். அதனால் பக்கத்துத் தகட்டைக் கழற்றி, மேஜை விசிறியை அதன் வயிற்றுக்கு நேராகத் திருப்பி வைத்துவிட்டு, அவள் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பாள்.

இருக்கிற பணத்துக்குள் புதியது ஒன்றைத் தேற்ற வேண்டும். எதை விடலாம் என்பதில் அவளுக்குக் குழப்பமே வரவில்லை. மானிட்டர் பழையதே போதும். ஸ்பீக்கர் வேண்டாம். பென்டியம் ஃபோர், ராம் ஐந்நூற்றுப் பன்னிரண்டு, கேமராவிலிருந்து படம் இறக்க ஒரு ஃபயர்வயர் கார்டு. ஹார்ட் டிஸ்க் மட்டும் இரண்டு. ஒரே டிஸ்க்கில் படிப்பதும் எழுதுவதுமாக இருந்தால் திணறிப் போகும். கடைக்காரர் சீட்டில் எழுத எழுத, அவள் தலையசைத்துக்கொண்டே வந்தாள். கடைசி வரியை எழுதியபோதுதான், இனிமேல் சொல்லுவதற்குச் சாக்கு எதுவும் இல்லை என்பது உறைத்தது. உறைத்ததே தவிர, வருத்தமோ பயமோ வரவில்லை. யாரோ வந்து தகவல் சொல்லிவிட்டுப் போன மாதிரி இருந்தது.

அம்மா இறந்து பதினொரு மாதம் ஆகியிருந்தது. தூத்துக்குடியில் அடக்கத்தன்று, அவர்கள் பக்க வழக்கப்படி, குடும்பம் குடும்பமாகச் சவப்பெட்டிக்குப் பக்கத்தில் வந்து நிற்க, வீடியோக்காரர் ஒவ்வொன்றாக எடுத்தார். அண்ணன் பென்சன் குடும்பம், சித்தி குடும்பம். அதன் பிறகு பத்து வினாடிக்கு யாரும் இல்லை. பெட்டியும் அம்மாவும் வலது பக்கம் காலியாக ஒரு ஆள் நிற்கும் இடமும் மட்டும். பென்சன்தான் அப்படி எடுக்கச் சொன்னது.

"ஒனக்கு எடம் விட்டு எடுக்கச் சொல்லிருக்கேன்," என்று கேசட்டைக் கூரியரில் போட்டுவிட்டு போனில் சொன்னான். "நீதான் இதுல கில்லாடியாச்சே. ஒன்னய நீயே சேத்துரு. குவைத்துக்கும் மலேசியாவுக்கும் சிடி அனுப்பணும். மவ இல்லாம எப்படி அனுப்புறது?"

பழைய கம்ப்யூட்டரில் ரெண்டு படத்தை ஒன்றின் மேல் ஒன்று வைத்தால் நின்றுவிடுகிறது என்று சொல்லி அமலி பதினொரு மாதத்தை ஓட்டிவிட்டாள். அது பொய்யும் இல்லை.

டிக்கெட் கிடைக்காமல்தான் அவள் வரவில்லை என்று ஊரில் எல்லாரும் நம்பினார்கள். அது பொய். அம்மா இறந்துவிட்டதாகக் காலை பத்து மணிக்குப் போன் வந்தபோது ஒரு பஞ்சாபிக் கல்யாணம் ரெண்டரில் நாற்பது சதவீதத்தில் இருந்தது. ஜெபராஜ் பணத்தை எடுத்து மேஜையில் வைத்தார். "பிளேன்ல போ. ஜல்தி கெளம்பு," என்றார். டிக்கெட் விசாரிக்க அவள் போன் பூத் வரைக்கும் போனாள். வாசலில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத் திரும்பி வந்தாள். "டிக்கெட் இல்லையாம் அண்ணாச்சி," என்றாள். பிறகு விசிறிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து நாற்பத்தொன்று, நாற்பத்திரண்டு என்று பார்த்துக்கொண்டிருந்தாள். ஏன் அப்படிச் செய்தாள் என்று அவளே தன்னைப் பலமுறை கேட்டிருக்கிறாள். பதில் வராததுகூடப் பெரிதாகத் தெரியவில்லை. அழுகை பின்னால் வரும் என்று நினைத்திருந்தாள். அதுவும் வரவில்லை.

புதிய கம்ப்யூட்டரைப் பொருத்தி, சாஃப்ட்வேர் எல்லாம் ஏற்றி முடித்த மறுநாள் மத்தியானம் ஜெபராஜ் சொன்னார்: "கனமா ஏதாவது போட்டுப் பாரு, தாங்குதான்னு. அம்மா கேசட்டையே போடேன். வருஷப் பூசை வருதுல்லா."

அவள் சரி என்றாள்.

தேனிலவு ஜோடிகளை வீடியோவில் சுவிட்சர்லாந்தில் நிறுத்துவதற்காக ஜெபராஜ் வாங்கி வைத்திருந்த நீலத் துணியைச் சுவரில் தொங்கவிட்டார். அமலி அதன் முன்னால் போய் நின்றாள்.

"ஏ பிள்ள, ஸ்வெட்டரோட நிக்கியே. தூத்துக்குடியில எவ ஸ்வெட்டர் போடுவா?"

கழற்றினாள். டெல்லியின் ஜனவரி. கையில் மயிர் குத்திட்டு நின்றது.

"மூஞ்சியக் கொஞ்சம் சோகமா வையி."

"இதான் அண்ணாச்சி மூஞ்சி."

"பஸ்ஸுக்கு நிக்க மாதிரி இருக்கு."

"அப்ப அப்படியே எடுங்க."

அவர் கேமராவைச் சரிசெய்வதற்குள் அவளுக்குக் குளிர் ஏறிவிட்டது. தோள் குலுங்கியது. தாடை நடுங்கியது. அடக்கப் பார்த்தாள்; முடியவில்லை. ஜெபராஜ் கேமராவிலிருந்து கண்ணை எடுத்து, சத்தத்தைத் தாழ்த்தி, "போதும்மா, அழாத," என்றார். டீ சொல்லிவிட்டு வருவதாகக் கீழே இறங்கிப் போய்விட்டார்.

அவள் ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். நீலத்தைக் கழித்து, தன்னைப் பெட்டிக்கு வலது பக்கம் கொண்டுபோய் வைத்தாள். அங்கே வெயில் இடது பக்கமிருந்து விழுந்தது. அதற்கேற்ப முகத்தின் ஒரு பக்கத்தை வெளிச்சமாக்கினாள். கால்மாட்டில் மெலிசாக ஒரு நிழல் போட்டாள். புதிய கம்ப்யூட்டர் எதற்கும் திணறவில்லை.

ஓட்டிப் பார்த்தாள். அம்மா படுத்திருந்தாள். பக்கத்தில் மகள் நின்று குலுங்கிக் குலுங்கி அழுதாள். பல்லைக் கடித்து அழுகையை அடக்கப் பார்ப்பதுகூடத் தெரிந்தது. யார் பார்த்தாலும் நெஞ்சு கரையும். இந்த ஆறு வருஷத்தில் அவள் செய்த வேலைகளில் இதைவிடச் சுத்தமானது இல்லை. அவள் மறுபடியும் ஓட்டினாள். திரையில் அழுகிறவள்மேல் அவளுக்கு லேசாகப் பொறாமை வந்தது. பல மாதங்களில் அவளுக்கு வந்த முதல் உணர்ச்சி அதுதான். அற்பமானதுதான், இருந்தாலும் வந்தது.

தன் படம் இருந்த அடுக்கை மட்டும் அணைத்தாள். மகள் மறைந்தாள். இடம் காலியாக இருந்தது. அதை வெட்டி எடுத்துவிட்டால் சித்தி குடும்பத்துக்குப் பிறகு நேராகக் கல்லறைத் தோட்டம் வந்துவிடும்; வித்தியாசம் யாருக்கும் தெரியாது. கத்தரி அடையாளத்தின் மேல் கை போனது. அவள் வெட்டவில்லை. அப்படியே ரெண்டருக்குப் போட்டுவிட்டுப் பென்சனுக்குப் போன் செய்தாள்.

"முடிஞ்சிட்டாட்டி? நல்லா வந்திருக்கா? நீ நிக்கியா?"

"இல்லண்ண. நான் நிக்கல."

"ஏன், புது மிசினும் முடியாதுங்கா?"

"அது நல்லாச் செய்யுது. நாந்தான் வேண்டாம்னுட்டேன். எடம் அப்படியே இருக்கும்."

"பைத்தியமா ஒனக்கு? எல்லாரும் கேப்பாவளே. டிக்கெட் கெடைக்காததுக்கு நீ என்ன செய்வ?"

"டிக்கெட் நான் கேக்கவே இல்லண்ண. அண்ணாச்சி துட்டு எடுத்துத் தந்தாவ. நான் போகல."

அந்தப் பக்கம் அண்ணி யாருக்கோ சாப்பாடு போடும் சத்தம் கேட்டது.

"இத இப்பம் சொல்லுதியே," என்றான் பென்சன்.

"ஆமா."

"நான் ஊர் பூரா சொல்லிருக்கேன், என் தங்கச்சி டிக்கெட்டுக்காவ அலையா அலைஞ்சான்னு."

மன்னிப்புக் கேட்கலாம் என்று அவளுக்குத் தோன்றியது. வாய்க்குள் அந்த வார்த்தை வெறும் வார்த்தையாகவே இருந்ததால் கேட்கவில்லை.

"அந்த எடத்த வெட்டிட்டு அனுப்பு," என்றான் பென்சன் கடைசியில். "யாரும் கேக்காம நான் பாத்துக்கிடுதேன்."

"வேண்டாம்ண்ண. பத்து செகண்டுதான். இருக்கட்டும்."

பென்சன் போனை வைத்தான். பூசைக்கு வா என்றோ வராதே என்றோ சொல்லவில்லை. அமலி திரையைப் பார்த்தாள். ரெண்டர் அதற்குள் முடிந்து, கம்ப்யூட்டர் அடுத்த வேலைக்காகக் காத்திருந்தது. அவள் உறையைப் பிரித்து முதல் சிடியை எடுத்து உள்ளே தள்ளினாள்.