பிரெட்ரிக்கின் கால்களும் ஒரு தவக்காலமும்

டோரீன் தலையணையைத் தூக்கிக்கொண்டு முன்னறை சோபாவுக்குக் குடிபோனபோது சண்டை எதுவும் நடக்கவில்லை. அதுதான் பிரெட்ரிக்குக்கு அதிகம் வலித்தது. சண்டை என்றால் பிறகு சமாதானம் என்று ஒன்று இருக்கும். கால்களோடு யார் போய்ச் சமாதானம் பேசுவது?

படுத்துக் கண்ணை மூடியதும் முழங்காலுக்குக் கீழே அது தொடங்கிவிடும். வலி இல்லை, அரிப்பும் இல்லை. சோடா போத்தலைக் குலுக்கிவிட்டது மாதிரி எலும்புக்குள் ஏதோ நுரைத்துக்கொண்டு வரும். உதறினால் அடங்கும். நிறுத்தினால் மறுபடி நுரைக்கும். அவர் உதறிய உதறலில் ஒருநாள் போர்வை கட்டிலுக்கு அடியில் கிடந்தது. இன்னொரு நாள் டோரீனின் முழங்கால் கன்றிப்போயிருந்தது. அவள் பிரிஞ்சாங் டவுனில் ஒரு ஹோட்டலில் அறை சுத்தம் செய்கிறவள். விடிவதற்குள் வேன் வந்து நிற்கும். பகல் முழுக்க ஊரார் படுக்கையை இழுத்து விரிக்கிறவளுக்குத் தன் படுக்கையில் தூக்கம் இல்லை என்றால் என்ன செய்வாள்?

"பிள்ளைங்க வேலைன்னு கேஎல்லுக்குப் போயாச்சு. வீட்ல ரெண்டே பேரு, அதுல ஒருத்தரு ராத்திரி பூரா சைக்கிள் மிதிக்கிறாரு" என்று சொல்லிவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டாள்.

மலைக்குளிரில் தனியாகப் படுப்பது என்னவென்று பிரெட்ரிக் அந்த வாரம் தெரிந்துகொண்டார். கட்டிலின் அந்தப் பாதி ஈரத்துணி போலச் சில்லென்று கிடந்தது. அவள் திரும்பி வர வேண்டும். அதைத் தவிர அவருக்கு வேறு வேண்டுதலே இல்லை.

எஸ்டேட் வரிசை வீடுகளில் ஒரு வீட்டுச் சுவர்தான் அடுத்த வீட்டுக்கும் சுவர். பக்கத்து வீட்டு அம்மாக்கண்ணு ஒருநாள் வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து கூப்பிட்டாள்.

"ஏண்ணே, ராத்திரியில சுவத்துல ஆணி அடிக்கிறீங்களா?"

"கால்" என்றார் பிரெட்ரிக். அவர் அவ்வளவுதான் பேசுவார்.

மற்றதை டோரீன் பேசினாள். கதை முழுக்கக் கேட்டுவிட்டு அம்மாக்கண்ணு அவரை உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தாள். நல்லெண்ணெயில் பூண்டைத் தட்டிப்போட்டுக் காய்ச்சி, காலில் தேய்க்கச் சொல்லி ஒரு கிண்ணத்தில் ஊற்றிக் கொடுத்தாள். எண்ணெய் ஆறுகிற வரைக்கும் சும்மா இருக்க முடியுமா? பெரிய குவளை நிறையத் தேத்தண்ணி கொடுத்தாள். குடித்தார். அன்றிரவு படுக்கையில் பூண்டு மணத்தது, கால்கள் ஆடின.

மாதா கோயில் பாடகர் குழுவில் இருக்கும் ராஜநாயகத்துக்கு வாட்ஸ்அப்பில் வேறொரு வைத்தியம் வந்திருந்தது. படுக்கை விரிப்புக்கு அடியில், கால்மாட்டில், குளிக்கிற சவுக்காரக் கட்டி ஒன்றை வைத்துவிட்டுப் படுக்க வேண்டும்.

"எப்படிலா வேலை செய்யும்?" என்று கேட்டாள் டோரீன்.

"அது தெரியாது. ஆனா வெள்ளைக்காரங்க எல்லாம் செய்றாங்க" என்றார் ராஜநாயகம். அவர் வீட்டிலும் தேத்தண்ணி வந்தது. அதையும் பிரெட்ரிக் குடித்தார்.

வெந்நீரில் உப்புப் போட்டுக் காலை வைத்துப் பார்த்தார். அம்மாக்கண்ணு மலையடிவாரத்துத் தாப்பாவிலிருந்து தருவித்த முருங்கைக்கீரையைத் தின்றார். கெண்டைக்காலில் பழைய காலுறையை இறுக்கிக் கட்டிப் பார்த்தார். கடைசியில் கிளினிக்குக்கே போனார். அங்கிருந்த இளம் டாக்டர் இரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டுக் குறை ஒன்றும் இல்லை என்றார்.

"கோப்பி குடிப்பீங்களா?"

"பொறந்ததிலேர்ந்து தொட்டதில்ல" என்றார் பிரெட்ரிக், கொஞ்சம் பெருமையாகவே.

பொய் இல்லை. தேயிலைத் தொழிற்சாலையில், பறித்த இலையைப் பரப்பிக் காற்றில் வாட்டும் மாடியில் வேலை பார்க்கிறவர் அவர். அந்த மலையில் தேநீரை யாரும் ஒரு பானமாக நினைப்பதில்லை. தண்ணீர் போல அது பாட்டுக்கு இருக்கும். தண்ணீர் குடிப்பீர்களா என்று எந்த டாக்டர் கேட்கப்போகிறார்?

தவக்காலம் பிறந்தது. சாம்பல் புதன் பூசை முடிந்து வாசலில் நின்றபோது, ஈஸ்டர் வரைக்கும் யார் யார் எதை விடப்போகிறார்கள் என்று பேச்சு வந்தது. ராஜநாயகம் இறைச்சியை விட்டார். டோரீன் கைப்பேசியில் பார்க்கும் நாடகத்தை விட்டாள்.

"நம்ம பிரெட்ரிக் எதை விடுவாரு? குடி இல்ல, சிகரெட் இல்ல. பேச்சை விடலாம்னா, அது இருந்தாத்தானே விடறதுக்கு!" என்றார் ராஜநாயகம்.

எல்லாரும் சிரித்தார்கள்.

"தேத்தண்ணிய விடச் சொல்லுங்க பார்ப்போம்" என்றாள் டோரீன்.

சிரிப்பு இன்னும் பெரிதானது. பிரெட்ரிக் சிரிக்கவில்லை. இவ்வளவு பெரிய ஒன்றைக் கொடுத்தால் ஆண்டவர் கால்களைக் கொஞ்சம் கவனிக்கமாட்டாரா என்று நினைத்தார். தலையசைத்தார்.

முதல் நாட்களில் மண்டை பிளந்தது. மாடியில் இலை வாசனை ஏற ஏற வாயில் எச்சில் ஊறியது. சாயங்காலம் வேலை முடிந்து வந்ததும் அடுப்படிப் படியில் டோரீனோடு உட்கார்ந்து குடிக்கும் அந்தத் தேநீரை விடுவதுதான் எல்லாவற்றையும்விடக் கஷ்டமாக இருந்தது. ரெண்டு பேரும் எதிரே மலைச்சரிவில் பனி இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். நாளில் அவருக்குப் பிடித்த நேரம் அதுதான். குவளையைப் பார்த்தால் கை நீளும் என்பதால் அந்த நேரத்துக்கு அவர் கோயிலில் நடக்கும் சிலுவைப் பாதை செபத்துக்குக் கிளம்பிப் போனார். பக்திமான் ஆகிவிட்டார் என்று ஊர் பேசிக்கொண்டது.

கால்கள் அடங்கின. ஒரே நாளில் இல்லை. ஆத்திரம் தணிகிற ஆள் மாதிரி, கொஞ்சங் கொஞ்சமாக. ஒரு ராத்திரி டோரீன் தலையணையோடு வந்தாள். படுத்துப் போர்வையின் பெரிய பாதியை இழுத்துக்கொண்டாள். பிரெட்ரிக் சந்தோஷத்தில் வெகுநேரம் தூங்கவில்லை. ஆனால் அசையவும் இல்லை.

"பூண்டு எண்ணெய்னா சும்மாவா?" என்றாள் அம்மாக்கண்ணு.

"பூண்டாவது ஒண்ணாவது. சவுக்காரம்லா!" என்றார் ராஜநாயகம்.

ரெண்டு பேரும் வேலியோரத்தில் அதற்காகச் சண்டையே போட்டார்கள். பிரெட்ரிக் இருவருக்கும் பொதுவாகத் தலையசைத்து வைத்தார்.

ஈஸ்டர் காலைப் பூசை முடிந்ததும் கோயில் மண்டபத்தில் பசியாறல். பிரெட்ரிக் தேநீரைக் குவளை குவளையாகக் குடித்தார். வீட்டுக்கு வந்து குடித்தார். அம்மாக்கண்ணு பெருநாள் பலகாரம் வாங்க வந்தபோது துணைக்குக் குடித்தார். சாயங்காலம் படியில் டோரீன் பக்கத்தில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டு குடித்தார்.

அன்று ராத்திரி சோடா போத்தல் திறந்துகொண்டது.

டோரீன் சோபாவுக்குப் போனாள். சவுக்காரம் பழசாகிவிட்டது என்றார் ராஜநாயகம். பூண்டு சீனப் பூண்டு என்றாள் அம்மாக்கண்ணு. பிரெட்ரிக் மறுநாள் மாடியில் இலையைக் கிளறிக்கொண்டே யோசித்தார். கை நின்றது. எண்ணெய் அப்படியே இருக்கிறது, சவுக்காரமும் கால்மாட்டிலேயே இருக்கிறது. மாறியது எது? காலடியில் கிடந்த இலைக் குவியலைப் பார்த்தார். தன்னோடு நெடுநாள் பழகிய ஒருவன் கையும் களவுமாகப் பிடிபட்டதுபோல இருந்தது.

யாரிடமும் சொல்லவில்லை. பேசாதவர் ஒன்றைச் சொல்லாமல் இருந்தால் யாருக்குத் தெரியும்? பூண்டு எண்ணெயைத் தேய்த்தார், புதுச் சவுக்காரம் வாங்கி வைத்தார், தேநீரையும் குடித்தார். தேநீரும் வேண்டும், டோரீனும் வேண்டும் என்று இருந்தது.

அடுத்த வாரம் ஒரு சாயங்காலம், படியில் உட்கார்ந்திருந்தபோது டோரீன் சொன்னாள். "மேனேஜர் ஹோட்டல்லயே ரூம் தரேன்னாரு. அங்கேயே தங்கிக்கிட்டு ஞாயித்துக்கெழம வரேன். சோபாவுல முதுகு விட்டுப்போச்சுங்க."

கோபமாகச் சொல்லவில்லை. களைத்துப்போய்ச் சொன்னாள். பிரெட்ரிக் கையில் இருந்த குவளையைப் பார்த்தார். ஆவி பறந்துகொண்டிருந்தது. அதை அப்படியே படிக்குக் கீழே மண்ணில் கவிழ்த்தார்.

"ஏங்க! என்னா ஆச்சு?"

"பூண்டு இல்ல, சவுக்காரமும் இல்ல. தேத்தண்ணிதான்."

டோரீன் மெல்லக் கணக்குப் போட்டாள். சாம்பல் புதன், ஈஸ்டர், சோபா.

"எப்பலேர்ந்து தெரியும்?"

"ஈஸ்டருக்கு மறுநாள்."

"அப்ப இத்தனை நாளு இந்தத் தண்ணிக்காகத்தான் என்னை சோபாவுல போட்டீங்களா?"

அவள் எழுந்து உள்ளே போனாள். பாத்திரங்கள் சத்தமாக விழுந்தன. வேலிக்கு அந்தப் பக்கம் அம்மாக்கண்ணுவின் வானொலி சட்டென்று தணிந்தது. பாத்திரங்கள் ஓய்ந்ததும் அடுப்படி வாசலிலிருந்து டோரீன் குரல் வந்தது.

"காலையில ஒண்ணு. வேலைக்குப் போறதுக்கு முன்னால. அதுக்கு மேல ஒரு சொட்டு கெடையாது. ஒரு வாரம் பார்ப்பேன். கால் ஆடுச்சுன்னா ரூம்தான்."

"சரி."

அந்த வாரம் அவர் யார் வீட்டுக்கும் போகவில்லை. போனால் கொடுப்பார்கள். சாயங்காலங்களில் படிக்கு மட்டும் வந்தார், கையில் ஒரு குவளை வெந்நீர். கோயிலுக்கு ஓடவில்லை. டோரீன் தன் தேநீரோடு தள்ளி உட்கார்ந்து, முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு குடித்தாள். கோபமா இரக்கமா என்று அவருக்குப் பிடிபடவில்லை. ராத்திரிகளில் கால்கள் கொஞ்சங் கொஞ்சமாக அடங்கிக்கொண்டு வந்தன.

வாரம் முடிந்த அன்றும் அப்படியே திரும்பி உட்கார்ந்திருந்தாள். சரிவில் பனி இறங்கிவிட்டது. தேயிலைச் செடிகள் ஒவ்வொரு வரிசையாக மறைந்தன.

"மேனேஜர்கிட்ட சொல்லிட்டேன்" என்றாள்.

"என்னான்னு?"

"வேற யாருக்காச்சும் குடுங்கன்னு."

பிரெட்ரிக் வெந்நீரை ஒரு வாய் குடித்தார். பிறகு சொன்னார்: "ஏன் அந்தப் பக்கம் திரும்பிக் குடிக்கிற? இப்படித் திரும்பு. வாசனையாச்சும் வரட்டும்."