கண்ணாடிப் பெட்டியும் மங்ணுவின் காலும்

1

இந்தக் கதை ஒரு நன்றி. வடக்கே சம்பா மலையில் குடியேறிய புதிதில், ராவி ஆற்றுக்கு மேலே போகும் பாதையில் சறுக்கி விழுந்தேன். ஆடு மேய்க்கும் கணவனும் மனைவியும் மாறி மாறி என்னை முதுகில் சுமந்து இறக்கினார்கள். அவர்களைப் பற்றி எழுத உட்கார்ந்தால், பேனா நூற்றைம்பது வருஷம் பின்னால் போய் நின்றுகொண்டது. போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

2

'தேவதாருக்களுக்கு நடுவே அந்தப் பழங்கோயில் ஒரு கனவைப்போல...'

(வேண்டாம். சுமையோடு ஏறுகிறவர்களுக்கு ஏது கனவு? மூச்சுதான் வாங்கும்.)

ஜிந்தோவுக்கு மூச்சு வாங்கியது. அவள் முதுகுக் கூடையில், படம்பிடிக்க வந்த வெள்ளைக்காரர் பெல்வுட் சாகிப்பின் கண்ணாடித் தகடுகள் அடுக்கிய பெட்டி. கோடை முழுக்க அவர் படம்பிடித்த மலைக்கோயில்கள் எல்லாம் அந்தப் பெட்டிக்குள் இருந்தன. அவள் புருஷன் மங்ணு காமிராவையும் இருட்டுக் கூடாரத்தையும் சுமந்தான். மற்றக் கூலிக்காரர்கள் மேகத்தைப் பார்த்ததுமே இறங்கிவிட்டார்கள்.

கடைசியாக மரத்தாலான தேவி கோயில். தகட்டில் பூசிய மருந்து காய்வதற்குள் படமெடுத்து, கூடாரத்துக்குள் ஓடிக் கழுவி முடித்தார் சாகிப். அப்போது பனி விழத் தொடங்கியது. படியிறங்கிய மங்ணு சறுக்கினான். கால் எலும்பு முறிந்த சத்தம் ஜிந்தோவுக்குக் கேட்டது.

3

சாகிப் என்ன செய்தார்? அவரே பெட்டியைத் தூக்கி எறிந்ததாக முதலில் எழுதினேன். நம்ப முடியவில்லை. பிறகு அவரைக் கல்நெஞ்சக்காரராக்கி... (அது இன்னும் சுலபமான பொய்.)

ஜிந்தோதான் பெட்டியை இறக்கிக் கோயில் வாசலுக்குள் வைத்தாள்.

"பனி மூடிட்டா வசந்தம் வரைக்கும் யாரும் வர முடியாதே," என்றார் சாகிப்.

"தெரியும் சாகிப். பெட்டிக்குப் பசிக்காது, குளிராது. இந்த மனுஷனுக்கு ரெண்டும் உண்டு."

"அடியே, அவரு கோடை பூரா பாடுபட்டு..." என்று முனகினான் மங்ணு.

"நீ பேசாதே. விழுறதுக்கு வேற இடமே கிடைக்கலியா உனக்கு?"

திட்டிக்கொண்டே காமிராவின் தாங்குகட்டையைக் கழற்றி, அவன் காலோடு சேர்த்துக் கட்டினாள்.

சாகிப் கோட்டைக் கழற்றினார். மங்ணுவுக்குப் போர்த்தினார் என்று எழுதத்தான் ஆசை. பெட்டிக்குத்தான் போர்த்தினார். பிறகு மங்ணுவுக்கு முன்னால் வந்து குனிந்து முதுகைக் காட்டினார்.

"ஏறு."

4

வசந்தத்தில் பாதை திறந்ததும், யாரும் கேட்காமலே ஜிந்தோ மேலே போய்ப் பெட்டியைச் சுமந்துவந்தாள். சம்பாவில் காத்திருந்த சாகிப், மூடிமேல் கையை வைத்தவர் திறக்கவில்லை.

"உள்ளே எல்லாம் உடைஞ்சிருந்தா?"

"உடைஞ்சா என்ன, சாகிப்? கோயில் எங்கேயும் ஓடிடலை. இவனுக்கும் கால் கூடிடுச்சு. மறுபடி ஏறுவோம்."

மங்ணு தரையில் காலை ஓங்கி மிதித்துக் காட்டினான். சாகிப் சிரித்தார், கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

இதற்கு இரண்டு முடிவுகள் எழுதிக் கிழித்தாயிற்று. பெட்டியைத் திறந்து பார்க்க வேண்டுமென்றால் நீங்களே திறந்துகொள்ளுங்கள். அவர்கள் மூவரும் சாப்பிடப் போய்விட்டார்கள்.